அவன் திருப்பிச் சொல்வதும் பேச்சுதான்

கேள்வி: என் மகனுக்கு நான்கரை வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். யூடியூபில் வரும் பாட்டு, விளம்பரம் எல்லாம் வரி தவறாமல் சொல்கிறான். ஆனால் ஏதாவது வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுக்கிறான். “தண்ணி வேணுமா?” என்று நான் கேட்டால் அவனும் “தண்ணி வேணுமா?” என்றுதான் சொல்கிறான். இன்றுவரை என்னை அம்மா என்று கூப்பிட்டதில்லை. தெரபி சென்டரில், வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்கிறார்கள். மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கும் அரைகுறைதான். படத்தைத் தொட்டால் பேசும் ஆப் ஒன்றைப் பற்றித் தெரிந்தவர் சொன்னார். அதைக் கொடுத்தால் பிறகு வாயே திறக்க மாட்டான் என்று கணவர் பயப்படுகிறார். எவர்சில்வர் மூடியைச் சுற்றிவிட்டு மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறான், பிடுங்கி ஒளித்து வைக்கிறோம். அக்கா பிள்ளைகள் வந்தால் அவர்களோடு சேருவதில்லை. பக்கத்து நர்சரியில் “பேச ஆரம்பித்த பிறகு கூட்டிக்கொண்டு வாருங்கள்” என்றுவிட்டார்கள். ஐந்து வயதுக்குள் பேசாவிட்டால் அப்புறம் பேச்சே வராது என்கிறார்களே, உண்மையா?
— ஒரு தாய், திருப்பூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

ஐந்து வயதுக் கெடுவிலிருந்து தொடங்குகிறேன். அந்தப் பயம்தான் வீட்டில் எல்லோரையும் அவசரப்படுத்துகிறது. அந்த அவசரத்தில்தான் மூடியைப் பிடுங்குவதும் தமிழை நிறுத்த யோசிப்பதும் நடக்கிறது. அப்படி ஒரு கெடு கிடையாது. நான்கு வயதில் பேச்சு மிகவும் பின்தங்கியிருந்த 535 ஆட்டிசக் குழந்தைகளின் பிற்கால வளர்ச்சியைப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2013இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ என்ற மருத்துவ இதழில் வந்தது. எட்டு வயதும் அதற்கு மேலும் ஆகியிருந்த அந்தப் பிள்ளைகளில் 70 சதவீதம் பேர் சொற்களைச் சேர்த்துப் பேசும் நிலைக்கு வந்திருந்தார்கள். 47 சதவீதம் பேர் சரளமாகவே பேசினார்கள். சீக்கிரம் தொடங்குவது நல்லதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஐந்தாவது பிறந்தநாளோடு எதுவும் முடிந்துவிடாது.

அந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மீதி 30 சதவீதம் பேருக்கு அந்த அளவுக்குப் பேச்சு வரவில்லை. உங்கள் மகன் எந்தப் பக்கம் என்று இன்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, சொல்பவரை நம்பாதீர்கள். அதனால் ‘எப்போது பேசுவான்’ என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். தனக்கு வேண்டியதை, பிடிக்காததை, வலியை, பார்த்து ரசித்ததை இன்னொருவருக்குத் தெரியப்படுத்த அவனிடம் ஏதாவது வழி இருக்கிறதா, அப்படித் தெரியப்படுத்தும்போது வீட்டில் யாராவது கவனித்துப் பதில் தருகிறார்களா என்று பாருங்கள். வாயால் வரும் பேச்சும் இதன் மேல்தான் வளர்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்தவரை, அவனிடம் வழிகள் இருக்கின்றன. கையைப் பிடித்து இழுப்பது ஒன்று. “தண்ணி வேணுமா?” என்பது இன்னொன்று.

முதலில் அந்தத் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். நீங்கள் கேட்டதையே அவன் திருப்பிச் சொல்கிறான் என்று வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். ஆட்டிசத்தைப் பற்றி 1943இல் முதன்முதலில் விரிவாக எழுதிய லியோ கேனர் என்ற மருத்துவர், தான் பார்த்த 11 குழந்தைகளில் பலரிடம் இதைக் கவனித்திருக்கிறார். ‘ஆமாம்’ என்று சொல்வதற்குப் பதிலாகக் கேள்வியையே திருப்பிச் சொல்கிறார்கள் என்று குறித்தும் வைத்தார். ஆனாலும் அதன் பிறகு வெகுகாலம் இதை அர்த்தமில்லாத பழக்கம் என்று நினைத்து நிறுத்தப் பார்த்தார்கள். 1981இல் பாரி பிரிசன்ட், ஜூடித் டூக்கன் என்ற இருவர், நான்கு சிறுவர்கள் அன்றாடம் திருப்பிச் சொன்னவற்றைப் பதிவு செய்து, சொன்ன நேரத்தில் அவர்கள் எங்கே பார்த்தார்கள், என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். ஏழு விதமான பயன்பாடுகள் தெரிந்தன. ஆமாம் என்று சொல்ல, ஒன்றைக் கேட்க, தன் முறைக்குப் பதில் சொல்ல, மனதுக்குள் யோசிக்க என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது.

உங்கள் மகன் “தண்ணி வேணுமா?” என்கிறபோது என்ன நடந்திருக்கிறது? தண்ணீர் கிடைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் அவன் காதில் விழுந்தது அந்த வார்த்தைதான். அந்த ராகத்தில், கடைசியில் ‘மா’ என்று மேலே தூக்கி. அதனால் அவனுக்கு அது முழுதாக ஒரே சொல். தண்ணீர் வரவழைக்கிற சொல். நமக்குத்தான் அதில் வேணும் தனி, கேள்விக்குறி தனி. “வேணுமா இல்லடா, வேணும்னு சொல்லு” என்று திருத்தினால், அதையும் சேர்த்து “வேணும்னு சொல்லு” என்று திருப்பிச் சொல்வான். தப்பு அவனிடம் இல்லை, நாம் கொடுக்கிற மாதிரிதான் அப்படி.

அதனால் கேள்வியைக் குறைத்து, அவன் இடத்தில் இருந்தால் எப்படிச் சொல்வானோ அப்படியே நீங்கள் சொல்லுங்கள். டம்ளரை அவன் பார்க்கிறானா? “தண்ணி வேணும்” என்று சொல்லிக்கொண்டே கொடுங்கள். மாடிப்படியில் ஏற முடியாமல் கை நீட்டுகிறானா? “தூக்கு” என்று சொல்லிவிட்டுத் தூக்குங்கள். மிக்ஸி சத்தத்தில் காதைப் பொத்துகிறானா? “சத்தம் பிடிக்கல” என்று சொல்லிவிட்டு மிக்ஸியை நிறுத்துங்கள். சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். அவன் பின்னால் எடுத்துப் பயன்படுத்தத் தோதான சொற்களை அவன் காதில் போட்டு வைக்கிறீர்கள், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு “இது என்ன? இது என்ன கலர்? மாடு எப்படிக் கத்தும்?” என்று எத்தனை கேட்கிறோம் என்று பெற்றோர் எண்ணிப் பார்த்தால் அவர்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். பரீட்சை எழுதவே பொழுது போய்விட்டால் பையன் எப்போது பேசக் கற்றுக்கொள்வது?

‘அம்மா’வும் இந்த விஷயத்தோடு சேர்ந்ததுதான். அவன் கூப்பிடாதது உங்களை எவ்வளவு வாட்டுகிறது என்று அந்த ஒரு வரியிலேயே தெரிகிறது. ஒன்று யோசியுங்கள்: உங்கள் வீட்டில் யார் உங்களை அம்மா என்று கூப்பிடுகிறார்கள்? கணவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், மாமியாரும் அப்படியே. ‘அம்மா’ என்ற சொல் அவன் காதில் விழுவது “அம்மா சொல்லு”, “அம்மா எங்க காட்டு” என்கிற பரீட்சைகளில் மட்டும்தான். ஆக, அது ஆளைக் கூப்பிடுகிற சொல் என்று அவனுக்குத் தெரிய வழியே இல்லை. இனிமேல் அவன் தண்ணீருக்கு அலையும்போது மாமியார் அவன் பக்கத்தில், அவன் உயரத்துக்குக் குனிந்து நின்று, அவனுக்காக “அம்மா! தண்ணி!” என்று உள்ளே குரல் கொடுக்கட்டும். நீங்கள் உடனே திரும்பிப் பார்த்து, ஓடி வந்து தண்ணீர் கொடுங்கள். அந்தச் சொல்லைச் சொன்னால் ஓர் ஆள் திரும்புகிறார், வருகிறார் என்பதை அவன் கண்ணால் பார்க்க வேண்டும். நாள்பட இதைச் செய்யுங்கள். கட்டாயம் கூப்பிடுவான் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் அந்தச் சொல் எதற்கு என்பது இப்படித்தான் அவனுக்குப் புரியும்.

யூடியூப் வரிகளையும் ஒதுக்காதீர்கள். என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு சிறுவன், திடீர் திடீரென்று “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்பான். வீட்டில் எல்லோரும் ரயில் பைத்தியம் என்றே நினைத்திருந்தார்கள். கூர்ந்து பார்த்ததில், ஓர் இடம் பிடிக்காமல் போய்க் கிளம்ப நினைக்கும்போதெல்லாம் அதைச் சொல்கிறான் என்று தெரிந்தது. ஸ்டேஷனில் அந்த அறிவிப்பு வந்த கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பிவிடுகிறது இல்லையா, அவன் கணக்கு அது. அது தெரிந்ததும் அவனுடைய அம்மா “போலாம். வீட்டுக்குப் போலாம்” என்று சொல்லிக் கையைப் பிடித்துக் கிளம்ப ஆரம்பித்தார். பின்னால் அவனே “போலாம்” என்று சொல்லத் தொடங்கினான். உங்கள் மகன் சொல்லும் வரிகளுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். என்ன சொன்னான், எந்த நேரத்தில், அதற்கு முன் என்ன நடந்தது என்று மட்டும் எழுதினால் போதும். எல்லா வரிக்கும் அர்த்தம் பிடிபடாது. சிலவற்றை வெறும் சுகத்துக்காகச் சொல்வான், நாம் பாட்டு முணுமுணுக்கிற மாதிரி. அதுவும் இருக்கட்டும். இதையே இப்போது பெரிய பெயர் வைத்துப் பயிற்சித் தொகுப்பாகக் காசுக்கு விற்கிறார்கள். அந்தத் தொகுப்புகளுக்கு ஆய்வுச் சான்று போதாது. பிள்ளை சொல்வதைக் கவனித்துப் பதில் சொல்ல எந்தத் தொகுப்பும் வாங்க வேண்டியதில்லை.

சரி, மூடிக்கு வருவோம். மூடியை ஒளித்து வைப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அவன் மனம் முழுக்க இருக்கிற இடம் அது. நீங்கள் உள்ளே போக அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அதே அளவில் இன்னொரு மூடியை எடுத்துக்கொண்டு, அவன் முகம் தெரிகிற மாதிரி எதிரே தரையில் உட்காருங்கள். ஒன்றும் பேசாமல் நீங்களும் சுற்றுங்கள். முதலில் கண்டுகொள்ள மாட்டான். சில பிள்ளைகள் தள்ளி உட்கார்ந்துகொள்வார்கள். அதற்கு மேல் நெருங்க வேண்டாம். அவன் மூடி நின்றால் உங்களுடையதையும் நிறுத்துங்கள், அவன் மறுபடி சுற்றினால் நீங்களும் சுற்றுங்கள். தான் செய்வதைத்தான் இந்த ஆள் செய்கிறார் என்று ஒரு கட்டத்தில் பிடிபடும். ஒரு பார்வை வரும். உங்கள் மூடியைப் பார்ப்பான், அப்புறம் உங்களைப் பார்ப்பான். வேண்டுமென்றே நிறுத்திவிட்டு நீங்கள் நிறுத்துகிறீர்களா என்று சோதிப்பான். அந்த இடத்தில் விளையாட்டு ஆரம்பமாகிவிட்டது. இருவர் ஒரே பொருளைச் சேர்ந்து கவனிப்பதைத்தான் நாங்கள் கூட்டுக் கவனம் என்கிறோம். பேச்சும் பழக்கமும் ஊன்றிக்கொள்கிற நிலம் அது.

அது நடக்க ஆரம்பித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூடியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு “ஒண்ணு... ரெண்டு...” என்று சொல்லி நிறுத்துங்கள். மூன்று சொல்லாதீர்கள். ஆவலாக அவனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பெரியவர்களுக்கு அந்தப் பத்து எண்ணுவது பெரிய கஷ்டம். இரண்டு நொடி போவதற்குள் நமக்கு வாய் துடிக்கும். ஆனால் இந்தப் பிள்ளைகள் பலருக்குக் கேட்டதை வாங்கிக்கொண்டு பதிலைத் தயார் பண்ண அவ்வளவு நேரம் வேண்டும். அவன் உங்களைப் பார்க்கலாம், உடம்பை ஆட்டலாம், கையைத் தள்ளலாம், ‘ம்’ என்று ஒரு சத்தம் வரலாம். எது வந்தாலும் அதுதான் அவனுடைய ‘மூணு’. “மூணு!” என்று சொல்லிச் சுற்றிவிடுங்கள். பத்து எண்ணியும் ஒன்றும் வரவில்லையென்றால் நீங்களே சொல்லிச் சுற்றிவிடுங்கள், தோல்வி என்று எதுவும் இல்லை.

இந்தக் காத்திருத்தலையும், ‘சொன்னால்தான் தருவேன்’ என்பதையும் பலர் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். பசியில் இருக்கிற பிள்ளையின் முன் பிஸ்கட்டை உயரத் தூக்கிப் பிடித்து, “சொல்லு, சொல்லு” என்று அழும்வரை நிற்பதை நான் பார்க்கிறேன். அழுதழுது ஒரு சொல் வந்தாலும் அது பயத்தில் வந்த சொல். அடுத்த முறை கேட்கவே வரமாட்டான். ஸ்டூலைப் போட்டு ஏறித் தானே எடுத்துக்கொள்வான். கையைப் பிடித்து ஃபிரிட்ஜ் வரை இழுத்தால் கூடவே போங்கள். கதவைத் திறந்து, பாலையும் தயிரையும் இரண்டு கையில் காட்டி, “பால்... தயிர்...” என்று சொல்லிக் கொஞ்சம் நில்லுங்கள். எதைத் தொடுகிறானோ, எதன் பக்கம் கண் போகிறதோ அதைப் பெயர் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

இதையெல்லாம் வீட்டில் செய்து என்ன ஆகிவிடும், மணிக்கு இத்தனை ரூபாய் கொடுக்கிற தெரபியால்தானே ஆகும் என்று தோன்றலாம். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2016இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் வெளிவந்தது. அதில் நிபுணர்கள் நேரடியாகக் குழந்தைகளுக்குப் பயிற்சி தரவில்லை. பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போய், பெற்றோர் பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, அதை அவர்களோடு சேர்ந்து பார்த்து, எந்த இடத்தில் பிள்ளை ஒன்றைத் தெரியப்படுத்தினான், அதற்குப் பெற்றோர் என்ன செய்தார்கள் என்று பேசினார்கள். பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைந்து நடப்பது கூடியது. பிள்ளைகள் தாமாக முன்வந்து தொடர்புகொள்வதும் கூடியது. நம் மாதிரியான வீடுகளில், நம் மாதிரியான வசதியில் நடந்தது என்பதால் இந்த ஆய்வை நான் பெரிதாக மதிக்கிறேன். நீங்களும் போனைச் சுவரில் சாய்த்து வைத்து ஐந்து நிமிட விளையாட்டைப் பதிவு செய்யுங்கள். இரவு அவன் தூங்கிய பிறகு கணவரோடு உட்கார்ந்து சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். நேரில் தவறவிட்ட எத்தனையோ பார்வையும் கையசைவும் அதில் தெரியும்.

அடுத்தது தமிழ். இதில் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்: தமிழை நிறுத்தாதீர்கள். ஆட்டிசக் குழந்தை இரண்டு மொழி கேட்டால் குழம்பிவிடும், பேச்சு இன்னும் தள்ளிப்போகும் என்பதற்குச் சான்று இல்லை. கனடாவின் மாண்ட்ரியலில், இரு மொழி கேட்டு வளரும் ஆட்டிசக் குழந்தைகளையும் ஒரே மொழி கேட்டு வளர்பவர்களையும் ஒப்பிட்டு 2012இல் வந்த ஆய்வில், இரு மொழிப் பிள்ளைகள் பின்தங்கவில்லை. பிறகு வந்த ஆய்வுகளின் தொகுப்புகளும் அதையே சொல்கின்றன.

ஆய்வை விடுங்கள். ஆங்கிலத்துக்கு மாறிய வீடுகளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். “சிட் டவுன், கம் ஹியர், ஈட், நோ, ரெட், ஆப்பிள்” என்று பத்திருபது கட்டளைகளிலும் பெயர்களிலும் பேச்சு சுருங்கிவிடும். கொஞ்சுவதற்கு, அதட்டுவதற்கு, கதை சொல்வதற்கு, வெயிலைப் பற்றியோ வந்த விருந்தாளியைப் பற்றியோ சும்மா பேசுவதற்கு அந்த அரைகுறை ஆங்கிலத்தில் வழியிருக்காது. உங்கள் மாமியார் அடியோடு வாயடைத்துப் போவார். அந்த வீட்டில் அவனோடு அதிக நேரம் இருப்பவர் ஒருவேளை அவராகத்தான் இருக்கும். பெரியவர்கள் தங்களுக்குள் தமிழில் பேசிக்கொள்வார்கள், அவனிடம் மட்டும் வேறு மொழி. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள், கடைக்காரர், பஸ் கண்டக்டர் எல்லோரும் பேசுவது தமிழ். பழகிப் பேசுவதில்தான் சிரமம் என்று தெரிந்த ஒரு பிள்ளையிடம், பழகுவதற்கு இருக்கிற ஒரே மொழியைப் பறிப்பது எந்த வகையில் சிகிச்சை? சென்டரில் ஆங்கிலத்தில்தான் சொல்லித்தருவார்கள் என்றால் அங்கே அப்படியே நடக்கட்டும். யூடியூபில் கற்றுக்கொண்டு அவனாக ஆங்கிலச் சொல் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். “வாட்டர்” என்று கேட்டால் “தண்ணி, இந்தா” என்று கொடுங்கள். வீட்டுப் பேச்சு மட்டும் உங்கள் பேச்சாக இருக்கட்டும்.

உங்கள் கணவரின் பயம் பல அப்பாக்களிடம் கேட்கிற பயம்தான். படம், ஆப் எல்லாம் கொடுத்தால் சுலபமான வழி கிடைத்துவிட்டது என்று வாய் திறக்காமல் இருந்துவிடுவானோ என்பது. இதைச் சோதித்த ஆய்வுகளை 2006இல் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களில், நம்பகமாக ஆராயப்பட்ட 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குக் கொஞ்சம் கூடியிருந்தது, மற்றவர்களுக்கு இருந்தபடியே இருந்தது. கொஞ்சம்தான் கூடியது என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள், இது மந்திரம் இல்லை. ஆனால் சொல்ல வழியில்லாத பிள்ளை கடிப்பதும் தலையை முட்டிக்கொள்வதும் எத்தனையோ நேரங்களில் ஒரு சேதிதான். அந்தச் சேதிக்கு வேறு வழி கிடைக்கிறது. படத்தை எடுத்துக் கையில் கொடுத்துக் கேட்கப் பழக்கும் முறை ஒன்று 1985இலேயே அமெரிக்காவில் உருவாகி இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. படத்தைத் தொட்டால் பேசும் ‘ஆவாஸ்’ ஆப் நம் சென்னையில் உருவானது, தமிழிலும் பேசும்.

முதலில் காசு செலவழிக்காமல் தொடங்கலாம். அவனுடைய டம்ளர், மூடி, உங்கள் ஸ்கூட்டி, பாத்ரூம் கதவு இவற்றையே போனில் படம் எடுத்து அச்சிட்டு, ஓர் அட்டையில் ஒட்டிச் சமையலறையில் அவன் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். ‘வேண்டாம்’, ‘போதும்’ இரண்டுக்கும் கட்டாயம் படம் இருக்க வேண்டும். மறுக்கத் தெரிந்த பிள்ளை அடிப்பது குறையும். படத்தைக் காட்டி “இது என்ன?” என்று கேட்பதற்கு அதைப் பயன்படுத்தாதீர்கள். நீங்கள் பேசும்போதே அந்தப் படத்தைத் தொட்டுத் தொட்டுப் பேசுங்கள். தண்ணீர் கொடுக்கும்போது தண்ணீர்ப் படத்தைத் தொடுங்கள், வெளியே கிளம்பும்போது ஸ்கூட்டியைத் தொடுங்கள். வீட்டில் எல்லோரும் இப்படிப் பேசுவதைப் பார்த்த பிறகுதான் அவன் தொடுவான். சில வாரங்கள் போகலாம், சில மாதங்களும் ஆகலாம். கோபத்தில் தண்டனையாக மட்டும் அந்த அட்டையை எடுத்து மறைத்துவிடாதீர்கள். அது அவனுடைய வாய்.

கண்ணைப் பார்க்கவைக்க முகவாயைப் பிடித்துத் திருப்புவது சில இடங்களில் இன்னும் நடக்கிறது. அது வேண்டாம். கண்ணைப் பார்ப்பது பல ஆட்டிசக்காரர்களுக்குக் கூச்சமாகவும் வேதனையாகவும் இருக்கிறது என்று வளர்ந்து பேசத் தெரிந்தவர்கள் அவர்களே எழுதியிருக்கிறார்கள். பார்க்காமலும் கேட்டுக்கொண்டிருப்பான்.

அக்கா பிள்ளைகள் விஷயத்தில், கூட்டத்துக்குள் அவனைத் தள்ளிவிட்டு “போய் விளையாடு” என்றால் நடக்காது. பெரியவர்களான நமக்கே தெரியாத ஊர்க் கல்யாணத்தில் தனியாக நிற்பது எவ்வளவு சங்கடம்? அதோடு அவனுக்கு மேளமும் கூச்சலும் சேர்கிறது. அந்தப் பிள்ளைகளில் பொறுமையான ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். ஒரே ஒரு விளையாட்டு, பத்து நிமிடம், அவனுக்கு ஏற்கெனவே பிடித்தது. மூடி சுற்றுவதே போதும்; தண்ணீர் ஊற்றி விளையாடலாம், தூளியில் ஒருவர் உட்கார ஒருவர் ஆட்டலாம். முதலில் அந்த அக்கா பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்: “அவன் பதில் சொல்ல நேரம் எடுப்பான், நீ பத்து எண்ணிட்டு இரு. காதைப் பொத்தினா சத்தத்தைக் குறை. கையைத் தள்ளினா வேண்டாம்னு அர்த்தம்.” பிள்ளைகள் இதை நம்மைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். 2012இல் டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், ஒரு முக்கியமான கருத்தை முன்வைத்தார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவரைப் புரியவில்லை என்று ஒரு பக்கமாகவே சொல்கிறோம், மற்றவருக்கும் அவரைப் புரியவில்லையே, சிக்கல் இரண்டு பக்கமும் இருக்கிறது என்றார். உறவுக்காரர்கள் வந்ததும் “தாத்தாவுக்கு வணக்கம் சொல்லு, அத்தைக்கு ஹாய் சொல்லு” என்று அவனை மட்டும் பயிற்றுவிப்பதைவிட, அவன் மூடியைக் காட்டினால் அத்தை என்ன செய்ய வேண்டும் என்று அத்தைக்கும் சொல்லிக்கொடுப்பது அதிகப் பலன் தரும். கல்யாணம், திருவிழா என்றால் போகிற மண்டபத்தின் படத்தை முந்தின நாளே காட்டுங்கள். மேளத்துக்கு முன்பே போய்விட்டு, அவன் காட்டும் முதல் அறிகுறியிலேயே வெளியே அழைத்து வந்துவிடுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்க வேண்டும். காதுப் பரிசோதனை ஆயிற்றா? டிவி சத்தத்துக்கு ஓடி வருகிறான் என்பது போதாது. ஆடியாலஜிஸ்ட்டிடம் காட்டி, தேவைப்பட்டால், சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் எப்படிப் பதில் தருகின்றன என்று பார்க்கும் பெரா டெஸ்ட்டும் எடுத்துவிடுங்கள். ஆட்டிசத்தோடு காதுக் குறையும் சேர்ந்திருந்தால் மற்ற எதுவும் முழுப் பலன் தராது.

திருப்பூரில் அரசு மருத்துவமனையில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் எங்கே என்று விசாரியுங்கள், டி.இ.ஐ.சி. என்று கேட்டால் சொல்வார்கள். மதிப்பீடும் பயிற்சியும் அங்கே இலவசம். சென்னைப் பக்கம் போகிற வேலை வந்தால் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபிச் செலவும் அதில் அடங்கும். அட்டை வாங்கினால் பையன் மேல் முத்திரை விழுந்துவிடும் என்று வீட்டில் யாராவது சொன்னால், அதை விடுங்கள், அவனுக்குச் சேர வேண்டிய உரிமை அது.

ஸ்டெம் செல், உடம்பில் உள்ள உலோகத்தை எடுக்கும் மருந்து, ஆறு மாதத்தில் குணம் என்று யாராவது வந்தால் பணத்தோடு பையனையும் காப்பாற்றிக்கொள்ளுங்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் பயன் தரும் என்பதற்குச் சான்று இல்லை. உலோகத்தை எடுக்கும் மருந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இப்போது போகும் சென்டரைப் பற்றி. அங்கே சொல்லிக்கொடுப்பவருக்கு இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். அது தயங்க வேண்டிய கேள்வி இல்லை. நீங்கள் உள்ளே உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு நாற்பத்தைந்து நிமிடம் கழித்துப் பிள்ளையைத் திருப்பித் தருகிற இடத்தில், அவர்கள் செய்வதை மிச்ச நேரம் முழுவதும் வீட்டில் உங்களால் எப்படித் தொடர முடியும்? அடுத்த முறை போகும்போது நீங்கள் எடுத்த வீடியோவையும், அவன் சொல்லும் வரிகளை எழுதிய நோட்டையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். இந்த மாதம் எதை நோக்கிப் பயிற்சி தருகிறார்கள் என்று கேளுங்கள். ‘இருபது பெயர்ச்சொல்’ என்று பதில் வந்தால், அவனாக முன்வந்து ஒன்றைக் கேட்பதையும் மறுப்பதையும் அதோடு சேர்க்கச் சொல்லுங்கள். முடியாது, தமிழையும் நிறுத்தியே ஆக வேண்டும் என்று அவர்கள் நின்றால் வேறு ஆளைத் தேடலாம்.

நர்சரிக்கு: 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அது சொல்கிறது. பேச்சு வந்த பிறகுதான் சேர்ப்போம் என்பது அந்தச் சட்டத்துக்குப் பொருந்தாது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு என்று சான்றிதழ் பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை, பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. நேரில் போய், முதல் மாதம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும் விடுகிறேன், நானும் கூட இருக்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள். டீச்சரிடம் அந்தப் பட அட்டையின் இன்னொரு நகலைக் கொடுங்கள். அவன் எதைச் சொன்னால் என்ன அர்த்தம் என்று நோட்டிலிருந்து ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: பாத்ரூம் போக என்ன செய்வான், தண்ணீருக்கு என்ன சொல்வான், எந்தச் சத்தம் தாங்க மாட்டான். எழுத்தில் மறுத்தால் அந்தக் கடிதத்தோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள். ஆறு மாதம் கழித்து நோட்டில் என்ன சேர்ந்திருக்கிறது என்று எனக்கும் எழுதுங்கள்.